ஓய்வறியா அம்மையார்

முன்னுரை

மனித வாழ்வை இளமை, நடுமை, முதுமை என முப்பிரிவாகப் பகுத்துக் கூறுவர். இளமை கற்பதற்குரியது, நடுமை உழைப்பதற்குரியது, முதுமை ஓய்ந்திருப்பதற்குரியது என்பது பலரும் கொண்ட கருத்து. அரசாங்க அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இன்ன வயதில் ஓய்வு பெறுதல் வேண்டும் என்ற விதி உண்டு. இவ்விதி தேவையானதே. முதியோர் இடம்விட்டால்தான் இளைஞர் அவ்விடத்தை அடைய இயலும். மேலும், உடல் தளர்ந்தவரை வருத்தி வேலை வாங்குவது அறமும் ஆகாது.

ஆயினும், ஈண்டு ஒரு வினா எழுகின்றது. அலுவலுக்கு ஓய்வு உண்டு. தொண்டுக்கு ஓய்வு உண்டோ? அறுபது ஆண்டுகள் வாழ்ந்து பெற்ற அறிவும், மொழிப்பயிற்சியும், மக்களோடு கொண்ட பழக்கமும் ஓய்வு நாளோடு பயனின்றிப் போகவேண்டுமோ? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தார் ஓர் அம்மையார். அவர் பிறந்தது இங்கிலாந்து நாட்டில். உழைத்ததும் உயிர் நீத்ததும் நம் தமிழ்நாட்டில். எவ்லின் பிராண்டு என்பது அவர் பெயர். முதுமையில் அவரைப் பலரும் ‘பாட்டி’ என்னும் அடைமொழி சேர்த்தே குறிப்பிட்டனர்.

மலையும் மக்களும்

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1000 மீட்டர் முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்து நிற்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட நாடு இது. அவனது வில்லாற்றலையும் கொடைச் சிறப்பையும் வன்பரணர் முதலிய புலவர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அறப்பளீசுவரர் கோயிலும், ஆகாய கங்கை அருவியும் இம்மலையின் புகழ் வாய்ந்த இடங்களாகும். சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களும், பலா, வாழை, அன்னாசி முதலிய பழங்களும், மிளகும் காப்பியும் இங்கே விளைகின்றன.

இன்று கொல்லிமலைக்குச் செல்வோர், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சாலை வழியே பேருந்தில் இனிதாக ஏறிச் செல்லலாம். நூறாண்டுகளுக்கு முன் இந்நிலை இல்லை. அந்நாளில் இம்மலை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மலையேறுவோர் கல்லும் முள்ளும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் நடத்தல் வேண்டும். நடக்க இயலாதவரை டோலியில் வைத்துச் சுமந்து செல்வர். மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் இம்மலைக்கு வரத் தயங்கினர். மலைவாழ் மக்களுக்கு நோய் வந்தால், மருத்துவரை நாடி அடிவாரத்திற்கு இறங்கி, அங்கிருந்து நெடுந்தொலைவு செல்ல நேர்ந்தது. வழியிலேயே உயிர் பிரிந்தவரும் உளர்.

செல்வ மகள்

எவ்லின் அம்மையார் 1879ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரில், செல்வம் நிறைந்த வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையில் ஓவியக் கலையைப் பயின்றார். மெல்லிய ஆடை, இனிய இல்லம், பணி செய்ய ஏவலர் என எல்லா நலங்களும் அவருக்கு இருந்தன. எனினும், ஏழை எளியவர்க்கு உழைக்கவேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. முப்பது வயதைக் கடந்தபின், கிறித்தவச் சமயப் பணியாளர் சங்கம் ஒன்றின் சார்பில் அவர் சென்னைக்கு வந்தார். தமிழ் கற்கத் தொடங்கினார்.

அதே சங்கத்தின் பணியாளராக 1907ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்கு வந்திருந்தவர் ஜெசி பிராண்டு என்பவர். கட்டடத் தொழிலில் கைதேர்ந்தவர்; மருத்துவத்தின் அடிப்படைகளையும் ஓரளவு கற்றவர். கொல்லிமலை மக்களின் நிலையைக் கண்டு, அங்கேயே தங்கி உழைப்பது என்று அவர் உறுதி பூண்டார். இவ்விருவருக்கும் 1913ஆம் ஆண்டில், மலையடிவாரத்திற்கு அண்மையிலுள்ள சேந்தமங்கலத்தில் திருமணம் நடைபெற்றது. மணம் முடித்த இருவரும் மலைமீது சென்று, தூண்களின்மேல் எழுப்பப்பட்ட மர வீடு ஒன்றில் குடியேறினர்.

கணவர் நோய்க்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப்போட்டார், தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்பித்தார். மனைவியார் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் துணையாயினார். இவர்களுக்கு 1914ஆம் ஆண்டில் பால் என்னும் மகன் பிறந்தான். பின்னர் ஒரு மகளும் பிறந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத மலையில் தாயே அவ்விருவருக்கும் ஆசிரியர். மரக்கிளையில் அமர்ந்தவாறே தாம் பாடம் படித்ததை அம்மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

நம்பிக்கை பிறந்த கதை

தொடக்கத்தில் மலைமக்கள் இவர்களை நெருங்கவில்லை. வேற்று நாட்டார், வேற்றுச் சமயத்தார், வேற்று வழக்கத்தார் என்ற ஐயம் இயல்பானதே. கோயிற் பூசாரி ஒருவர் இவர்களை வெளிப்படையாகவே எதிர்த்தார். ஆண்டுகள் சில கழிந்தன.

முதல் உலகப் போரின் இறுதியில், 1918ஆம் ஆண்டில், இன்ஃபுளுவென்சா என்னும் கொடிய காய்ச்சல் உலகெங்கும் பரவிற்று. இந்தியாவில் மட்டும் கோடிக்கு மேற்பட்டோர் அதற்கு இரையாயினர். கொல்லிமலையும் தப்பவில்லை. வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒருங்கே படுத்துவிட்டமையால், கஞ்சி காய்ச்சிக் கொடுக்கவும் ஆளில்லை. நோயைவிடப் பசியும் நீர் வேட்கையுமே பலரை வாட்டின. கணவனும் மனைவியும் கஞ்சியைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று ஊட்டினர். தம்மை எதிர்த்த பூசாரியின் வீட்டிற்கும் சென்றனர். பூசாரியும் அவர் மனைவியும் பிழைக்கவில்லை. இறக்குமுன் அப்பூசாரி தம் பெண் குழந்தையை வளர்க்கும் பொறுப்பை இவர்களிடமே ஒப்படைத்தார். வாதத்தால் வெல்ல முடியாத ஐயத்தை ஒரு குவளைக் கஞ்சி வென்றது.

பிரிவுத் துயர்

பிள்ளைகளின் கல்வி கருதி, 1923ஆம் ஆண்டில் குடும்பத்தார் இங்கிலாந்து சென்றனர். மகனுக்கு அப்பொழுது வயது ஒன்பது. பிள்ளைகளை உறவினரிடம் விட்டுப் பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினர். அந்நாளில் கப்பல் ஒன்றே வழி. கடிதம் சென்றுசேர வாரங்கள் பல ஆகும்.

1929ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஜெசி பிராண்டு கருநீர்க் காய்ச்சலால் தாக்குண்டு உயிர் நீத்தார். மலேரியா முற்றுவதால் உண்டாகும் கொடிய நோய் இது. மலைமக்கள் அவரை மலைமீதே அடக்கம் செய்தனர். தந்தை இறந்த செய்தி தந்தி வாயிலாக இங்கிலாந்தை எட்டியது. ஆனால், அவர் உயிரோடிருந்தபோது எழுதி அனுப்பிய கடிதங்கள் அதன் பின்னரே கப்பலில் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன. மரங்களையும் பறவைகளையும் பற்றி மகனுக்கு ஆசையோடு எழுதிய கடிதங்கள் அவை. பதினைந்து வயதும் நிரம்பாத அச்சிறுவன், ஒன்பது வயதில் பிரிந்த தந்தையை மீண்டும் காணவே இல்லை. தொண்டு செய்வோர் தாம் மட்டும் துன்புறுவதில்லை. அவர்தம் மக்களும் அத்துன்பத்தில் ஒரு பங்கைச் சுமக்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

கணவரை இழந்த அம்மையார் துயரால் மெலிந்தார். தாய்நாட்டிற்குச் சென்று சில காலம் தங்கினார். அங்கேயே இருந்துவிடுமாறு பலரும் கூறினர். ஆனால், கணவர் தொடங்கிய பணி குறையாய் நிற்கின்றதே என்னும் எண்ணம் அவரை இந்தியாவிற்கே மீட்டுக் கொணர்ந்தது. கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன்மலை முதலிய பிற மலைகளுக்கும் சென்று தொண்டாற்றுதல் வேண்டும் என்பது அவ்விருவரும் கண்ட கனவு. சங்கமோ அம்மையாரைச் சமவெளியில் பணியாற்றப் பணித்தது. அவர் அதற்குக் கீழ்ப்படிந்தார். எனினும், விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மலையேறிக் கூடாரத்தில் தங்கி மக்களுக்கு உதவினார்.

ஓய்வு பெறும் நாள்

இவ்வாறு ஆண்டுகள் உருண்டன. 1947ஆம் ஆண்டில் நம் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டில் அம்மையாருக்கு வயது 68. சங்கத்தின் விதிப்படி அவர் பணியை விட்டுத் தாய்நாடு திரும்பவேண்டிய காலம் வந்தது. தமக்கு மேலும் பணிக்காலம் அளிக்குமாறு அவர் வேண்டினார், சங்கத்தார் மறுத்தனர்.

சங்கத்தாரைக் கடுமனம் படைத்தவர் என்று நாம் கருதலாகாது. முதியவர் ஒருவர் மருத்துவ வசதியற்ற மலையில் தனித்திருந்து நோயுற்றால் யார் பார்ப்பது? அவரைத் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பு உடன் பணிபுரிவோர்மேல் அன்றோ விழும்? இளைஞர் பலர் செய்யவேண்டிய பணியை ஒரு முதியவருக்காக நிறுத்தி வைத்தல் தகுமோ? இவ்வினாக்கள் நேர்மையானவை. இன்றும் வேற்று நாட்டிற்குத் தொண்டர்களை அனுப்பும் எந்த நிறுவனமும் இவற்றை எண்ணியே தீரவேண்டும்.

அம்மையார் இறுதியாக ஓர் ஆண்டு மட்டும் கேட்டார்; அதன்பின் தாம் ஓய்வு பெறுவதாக வாக்களித்தார். சங்கத்தார் இசைந்தனர். ஆண்டு முடிந்தது, விடைகொடுத்து அனுப்ப நண்பர்கள் வந்தனர். அப்பொழுது அம்மையார் தம் முடிவை வெளியிட்டார். சொன்ன சொற்படியே தாம் சங்கத்தின் பணியிலிருந்து ஓய்வு பெறுவதாகவும், ஆனால் மலைநாட்டை விட்டுச் செல்லப்போவதில்லை என்றும் அறிவித்தார். வாக்கும் பிறழவில்லை, நோக்கமும் பிறழவில்லை! அன்றுமுதல் அவர் ஒருவருடைய ஏவலுக்கும் உட்பட்டவரல்லர். தாமே விரும்பி உழைக்கும் தொண்டர். எழுபதாம் வயதை ஒட்டி, ஏனையோர் ஊன்றுகோலைத் தேடும் பருவத்தில், அவர் கல்வராயன்மலைக்குச் செல்லும் பாதையைத் தேடினார்.

மலைதோறும் மலைதோறும்

அதன்பின் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் அம்மையார் மலைதோறும் சுற்றிவந்தார். மட்டக் குதிரையொன்றின்மேல் ஏறிச் சிற்றூர் சிற்றூராகச் செல்வார். சிறு கூடாரமே அவருக்கு வீடு. காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார்; புண்ணைக் கழுவிக் கட்டுவார்; பெற்றோரை இழந்த குழந்தைகளை எடுத்து வளர்ப்பார்; எழுத்தறிவிப்பார். தம் சமயத்தையும் அவர் மக்களிடம் எடுத்துரைத்தார். ஆயின், நோய்க்கு மருந்திடும்போது இன்னார் இனியார் என்று பார்த்தாரில்லை.

குதிரையிலிருந்து அவர் விழுந்தது ஒருமுறையன்று. எலும்பு முறிந்ததும் உண்டு. காய்ச்சலால் படுத்ததும் பலகால். கால்கள் தளர்ந்தபோது இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றி நடந்தார். முகத்தில் சுருக்கங்கள் ஆழமாகப் பதிந்தன. தம் வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளில் அவர் வீட்டில் நிலைக்கண்ணாடி வைத்துக்கொண்டதில்லை என்று அவருடைய மகன் எழுதியுள்ளார். தம் முகத்தைப் பார்த்து வருந்த அவருக்கு நேரமில்லை. பிறர் முகத்தைப் பார்த்து மகிழவே நேரம் இருந்தது.

நரம்புச் சிலந்தியும் கிணற்றுச் சுவரும்

அம்மையார் செய்த பணிகளுள் மாணவர்கள் ஊன்றி அறியத்தக்கது ஒன்றுண்டு. அது நரம்புச் சிலந்தி நோயைத் தடுக்க அவர் எடுத்த முயற்சி. இந்நோய் எவ்வாறு பரவுகின்றது என்பதை அறிந்தால்தான் அம்முயற்சியின் அருமை விளங்கும்.

நரம்புச் சிலந்தி என்பது உண்மையில் சிலந்தியன்று. நூல் போன்ற ஒரு புழு. இதன் நுண்ணிய இளம்புழுக்களை நீரில் வாழும் மிகச்சிறிய தெள்ளுப் பூச்சிகள் உண்கின்றன. அந்நீரை வடிகட்டாமல் குடிப்போர் வயிற்றில் பூச்சி இறந்துபோகின்றது. உள்ளிருந்த புழு இறப்பதில்லை. அது குடலைத் துளைத்து வெளிப்பட்டு உடலினுள் வளர்கின்றது. ஏறத்தாழ ஓராண்டில், ஒரு மீட்டர் அளவும் நீண்டு, பெரும்பாலும் காலின் தோலில் கொப்புளத்தை உண்டாக்கி வெளியே தலைநீட்டுகின்றது. அவ்விடம் தீப்பட்டாற்போல் எரியும். எரிச்சல் தாங்காத நோயாளி குளிர்ந்த நீரில் காலை வைக்கின்றான். உடனே புழு ஆயிரக்கணக்கான இளம்புழுக்களை நீரில் விடுகின்றது. படிகளில் இறங்கி நீர் முகக்கும் கிணறாயின், ஒருவன் கால் நனைத்த நீரையே ஊரார் அனைவரும் குடிக்க நேர்கின்றது. இவ்வாறு நோய் சுழன்று கொண்டே இருக்கின்றது.

இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை. வெளிவந்த புழுவைச் சிறு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிதளவாக இழுத்தெடுப்பதே பழைய முறை. அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்துவிடும். உள்ளே நின்ற பகுதி சீழ்பிடித்துப் பெருந்துன்பம் தரும். தந்தை இவ்வாறு பொறுமையுடன் புழுக்களை எடுத்த காட்சியை இளம்வயதில் கண்டதாகப் பால் பிராண்டு குறிப்பிட்டுள்ளார்.

மருந்தில்லா நோய்க்குத் தடுப்பே மருந்து என்பதை அம்மையார் உணர்ந்தார். குடிநீரைத் துணியால் வடிகட்டுமாறு பெண்களுக்குக் கற்பித்தார். கிணற்றைச் சுற்றிக் கல்லால் சுவரெழுப்பி, எவரும் நீரில் கால் வைக்காதபடி தடுக்குமாறு ஊராரை வற்புறுத்தினார். தலைமுறை தலைமுறையாக இறங்கி நீர் மொண்ட கிணற்றுக்குச் சுவர் எடுப்பதென்றால் மக்கள் எளிதில் இசைவரோ? அவர் சினந்தாரில்லை, சலித்தாரில்லை. மீண்டும் மீண்டும் சென்று எடுத்துரைத்தார். ஒரு கிணற்றுக்குச் சுவர் எழுந்து, அவ்வூரில் நோய் குறைவதைக் கண்ட பிறகு, அடுத்த ஊராரும் இசைந்தனர்.

பிற்காலத்தில் இந்திய அரசு நாடு தழுவிய முறையில் கையாண்ட வழியும் இதுவே. தூய குடிநீர், வடிகட்டும் துணி, மக்களுக்கு அறிவூட்டல் என்னும் மூன்றையும் படையாகக் கொண்டு நரம்புச் சிலந்தியை எதிர்த்தனர். இந்நாட்டின் கடைசி நோயாளி 1996ஆம் ஆண்டில் இராசத்தானத்தில் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில், இந்தியா இந்நோயினின்று விடுபட்ட நாடு என்று உலக நல நிறுவனம் சான்றளித்தது. பெரும் மருத்துவமனைகளால் தீர்க்க இயலாத நோயைக் கல்லும் துணியும் தீர்த்தன. ஆனால், கல்லை எடுக்கவும் துணியைக் கட்டவும் மக்களின் மனம் இசையவேண்டும். அம்மனத்தை இசைவிக்க, அவர்களோடு பல்லாண்டு வாழ்ந்து அவர்கள் மொழியில் பேசும் ஒருவர் வேண்டும். முதுமை ஈட்டித் தரும் செல்வம் இதுவே அன்றோ?

மகனின் வேண்டுகோள்

அம்மையாரின் மகன் பால் பிராண்டு இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திப் பயன்படச் செய்யும் முறைகளைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். பல்லாயிரவர் கைகளை நிமிர்த்திய அம்மருத்துவர், தம் தாயாரின் உறுதியை மட்டும் வளைக்க இயலாது நின்றார்.

அம்மையாருக்கு 75 வயதானபோது, மலையில் தனித்திருந்த வேளையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவு முழுவதும் தரையிலேயே கிடந்தார். காலையில் வேலைக்கு வந்தவர் கண்டு, ஆட்களைக் கூட்டி, கயிற்றுக்கட்டில் ஒன்றில் கிடத்தி மலையடிவாரத்திற்குச் சுமந்து வந்தனர். அங்கிருந்து கரடுமுரடான சாலையில் ஜீப்பில் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதாயிற்று.

செய்தி அறிந்த மகன் அன்னையிடம் மன்றாடினார். இனித் தனியே மலையில் வாழ்தல் கூடாது. உதவிக்கு ஆள் எப்பொழுதும் அருகில் இருத்தல் வேண்டும். இல்லையேல் ஓய்வு பெற்றுத் தம்மோடு வருதல் வேண்டும் என்று எடுத்துக்கூறினார். மருத்துவர் என்ற முறையில் அவர் கூறியது முற்றிலும் சரியே. மகன் என்ற முறையிலும் அவர் கடமையையே செய்தார்.

அன்னை மகனை மறுத்தார். தாம் மலையை விட்டால் அங்குள்ள நோயாளிக்கு மருந்திடுபவர் யார் என்று கேட்டார். பயன்படாத உடலைப் பாதுகாத்து வைப்பதில் என்ன பொருள் என்றும் வினவினார். மகனால் விடை கூற முடியவில்லை. மகனின் அன்பு பெரிதா, தாயின் உறுதி பெரிதா என்று நாம் தீர்ப்புக் கூறத் தேவையில்லை. இரண்டும் உயர்ந்தவை. தாம் விரும்பிய வாழ்வைத் தேர்ந்துகொள்ளும் உரிமை முதியோர்க்கும் உண்டு என்பதையும், அவ்வுரிமையை மதித்தல் பிள்ளைகளுக்கு எத்துணை அரிய செயல் என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. அம்மையார் மீண்டும் மலையேறினார்.

இறுதி நாள்கள்

93ஆம் வயதுவரை அவர் குதிரையேறிச் சென்றார் எனின் வியப்பன்றோ! அடிக்கடி கீழே விழத் தொடங்கிய பின்னரே குதிரையை விட்டார். அதன் பிறகு மலைமக்கள் அவரைத் தூளியில் வைத்து ஊர் ஊராகச் சுமந்து சென்றனர். முன்னாளில் யாரை வேற்று நாட்டார் என்று விலக்கினரோ, அவரைத் தம் பாட்டியாக எண்ணித் தோளில் தாங்கினர்.

1974ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், தமது 95ஆம் வயதில் அம்மையார் உயிர் நீத்தார். தம்மைப் பெட்டியில் வைத்துப் புதைக்கவேண்டா என்றும், பழைய பருத்தித் துணியொன்றில் சுற்றி மண்ணிலிட்டால் போதும் என்றும் அவர் விரும்பியிருந்தார். அவ்வாறே செய்தனர். 45 ஆண்டுகளுக்கு முன் கணவரை அடக்கம் செய்த அதே கொல்லிமலையில், அவர் அருகிலேயே அம்மையாரும் மண்ணோடு கலந்தார்.

பிற முதியோர்

வேற்று நாட்டிற்குச் சென்று தொண்டாற்றிய முதியோர் இவர் ஒருவரே அல்லர். அமெரிக்க நாடு 1961ஆம் ஆண்டில் அமைதிப்படை என்னும் தொண்டர் அமைப்பை நிறுவியது. அதில் சேர்வதற்கு வயதின் மேல்வரம்பு இல்லை. லில்லியன் கார்ட்டர் என்னும் செவிலியர் 1966ஆம் ஆண்டில், தமது 68ஆம் வயதில், அப்படையில் சேர்ந்து இந்தியாவிற்கு வந்தார். மும்பைக்கு அருகிலுள்ள விக்ரோலியில் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மருத்துவப் பணி புரிந்தார். அவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். எவ்லின் அம்மையாருக்கு மேலும் பணிக்காலம் அளிக்கச் சங்கம் மறுத்த வயதும், லில்லியன் அம்மையார் தொண்டைத் தொடங்கிய வயதும் ஒன்றே என்பது நினைக்கத்தக்கது.

இந்நாளிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர், மருத்துவர், பொறியாளர் பலர் பிற நாடுகளுக்குச் சென்று உதவ விரும்புகின்றனர். அவ்விருப்பம் போற்றத்தக்கது. ஆயினும் விருப்பம் மட்டும் போதாது. செல்லும் நாட்டு மக்களுக்கு எது தேவை என்பதை அவர்களிடமே கேட்டறிதல் வேண்டும். அவர்கள் மொழியைக் கற்றல் வேண்டும். அவ்வூரார் தாமே செய்யக்கூடிய வேலையை அவரிடமிருந்து பறித்தல் கூடாது. தம் உடல்நலத்தையும் பொருள்நிலையையும் நன்கு எண்ணிப் பார்த்து, பிறர்க்குச் சுமையாகாதபடி நடந்துகொள்ளுதல் வேண்டும். சில நாள் தங்கிப் படமெடுத்துத் திரும்புவது சுற்றுலாவாகுமேயன்றித் தொண்டாகாது. எவ்லின் அம்மையார் எழுபதாம் வயதில் புதிதாக ஒன்றைத் தொடங்கவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்ற மொழியையும் பழகிய மக்களையும் துணையாகக் கொண்டே அவர் மலையேறினார் என்பதை நினைவில் இருத்துக.

முடிவுரை

இன்று கொல்லிமலையில் சாலையுண்டு, பள்ளிகள் உண்டு, அரசு மருத்துவ நிலையங்கள் உண்டு. மலைமக்களின் பிள்ளைகள் கற்று உயர்ந்து வருகின்றனர். வேற்று நாட்டார் குதிரையேறி வந்து மருந்து தரவேண்டிய நிலை இப்பொழுது இல்லை. அம்மையாரே இதனைக் கண்டிருந்தால் மிக மகிழ்ந்திருப்பார்.

மாணவர்களே! உங்கள் வீட்டிலும் ஊரிலும் ஓய்வு பெற்ற முதியோர் பலர் உளர். ஒருவர் கணக்கில் வல்லவராக இருக்கலாம். ஒருவர் தச்சு வேலை அறிந்தவராக இருக்கலாம். ஒருவர் மூலிகைகளின் பெயரைச் சொல்ல வல்லவராக இருக்கலாம். அவர்களை அணுகுங்கள், கேளுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். பயன்படுவதற்கு வாய்ப்பில்லாத முதுமையே பெருஞ்சுமை. அவ்வாய்ப்பை அவர்களுக்கு அளிப்பது இளைஞராகிய உங்கள் கடமை. நீங்களும் ஒருநாள் முதுமை எய்துவீர்கள். அன்று பிறர்க்குக் கொடுப்பதற்கு ஏதேனும் ஒன்று உங்களிடம் இருத்தல் வேண்டும். அதனை ஈட்டவேண்டிய காலம் இளமையாகிய இப்பொழுதே ஆகும்.

பயிற்சி

1. மலைமக்களின் ஐயம் நீங்குவதற்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சி யாது?
2. நரம்புச் சிலந்தி நோய் பரவும் முறையையும், அதனைத் தடுக்கும் வழிகளையும் விளக்குக.
3. அம்மையாருக்கு மேலும் பணிக்காலம் அளிக்கச் சங்கத்தார் மறுத்தமைக்குரிய காரணங்கள் யாவை? அவை பற்றி நும் கருத்து யாது?
4. பால் பிராண்டு தம் அன்னையிடம் வேண்டியது யாது? அன்னையார் யாது மறுமொழி கூறினார்?
5. நும் ஊரிலுள்ள முதியவர் ஒருவரைக் கண்டு, அவர் அறிந்த தொழிலைப் பற்றிக் கேட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.